பாலமா, பழச்சாறா, ‘இப்போது’வா?

இந்த முறை முழுப் பகுதியும் எம், ஓ, எஸ், டி என்ற நான்கு எழுத்துகளுக்கே போய்விட்டது. மற்ற கேள்விகள் அடுத்த இதழில்.

கேள்வி: பிராக் நகர வரைபடத்தைப் பார்த்தேன். ஆற்றைக் கடக்கும் கோடுகள் எல்லாவற்றிலும் எம்-ஓ-எஸ்-டி என்று எழுதியிருக்கிறது. ஆங்கில ‘மோஸ்ட்’தானே அது? அங்கே அப்படி எதுதான் மிக அதிகம்?

பதில்: பாலங்கள்தான் அதிகம்! செக் மொழியில் அந்த நான்கு எழுத்து சேர்ந்தால் பாலம் என்று அர்த்தம். வல்டாவா ஆற்றின் மேல் நான்காம் கார்ல் மன்னர் 1357-ல் கட்டத் தொடங்கிய கல்பாலத்துக்குப் பெயர் ‘கார்லூவ் மொஸ்ட்’, கார்லின் பாலம். அந்தப் பெயர் 1870-ல்தான் வந்தது, அதுவரை ஊர்க்காரர்களுக்கு அது வெறும் ‘கல்பாலம்’. 1357-ஆம் ஆண்டு, 9-ஆம் தேதி, 7-ஆம் மாதம், காலை 5 மணி 31 நிமிடத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள் என்றும், எண்களை வரிசையாக எழுதினால் 135797531 என்று முன்னும் பின்னும் ஒரே மாதிரி வரும் என்றும் ஒரு கதை உண்டு. சுற்றுலா வழிகாட்டிகளுக்கு மிகவும் பிடித்த கதை, நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

செக் மட்டுமில்லை. போலிஷ், ஸ்லோவாக், ஸ்லோவேனிய, குரோவேஷிய மொழிகளிலும் பாலத்துக்கு இதே சொல், இதே எழுத்துகள். ரஷ்ய, பல்கேரிய, செர்பிய மொழிகளிலும் இதே சொல்தான், ஆனால் அங்கே சிரில்லிக் எழுத்தில் இருக்கும் என்பதால் உங்கள் கண்ணில் பட்டிருக்காது.

ஆங்கில ‘மோஸ்ட்’ இதற்கு உறவே இல்லை. ஐரோப்பாவில் இந்த எழுத்துக்கூட்டு குறைந்தது நான்கு தனித்தனி இடங்களில் பிறந்திருக்கிறது: ஆங்கிலத்தில் ‘மிக அதிகம்’, செக், போலிஷ், ரஷ்யம் முதலான ஸ்லாவிய மொழிகளில் ‘பாலம்’, ஜெர்மனில் ‘பழச்சாறு’, ஹங்கேரிய மொழியில் ‘இப்போது’. இவற்றைத் தமிழில் எழுதினாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் மோஸ்ட், நெடில். செக்கிலும் போலிஷிலும் ஜெர்மனிலும் மொஸ்ட், குறில். ஹங்கேரியில் மொஷ்ட். ரோமன் எழுத்தில் குறிலுக்கும் நெடிலுக்கும் ஒரே ‘ஓ’ என்பதால்தான் எல்லாம் ஒன்றுபோலத் தெரிகிறது.

கேள்வி: உறவே இல்லை என்று எப்படி அவ்வளவு உறுதியாகச் சொல்கிறார்கள்? பல ஆயிரம் வருடங்களுக்கு முன்னால் ஒரே சொல்லாக இருந்திருக்கக் கூடாதா?

பதில்: நல்ல கேள்வி. கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டும்.

மொழிகளில் ஒலிகள் ஒவ்வொரு சொல்லாகத் தன் விருப்பத்துக்கு மாறுவதில்லை, கூட்டமாக மாறும். ஆங்கிலத்தில் கல்லுக்கு ‘ஸ்டோன்’, ஜெர்மனில் ‘ஷ்டைன்’. வீடு ‘ஹோம்’, அங்கே ‘ஹைம்’. சத்தியத்துக்கு ‘ஓத்’, அங்கே ‘ஐட்’. எலும்பு ‘போன்’, அங்கே ‘பைன்’ (ஜெர்மனில் அதற்குப் பொருள் கால் என்று நகர்ந்துவிட்டது, ஒலி மட்டும் ஒழுங்காகப் பொருந்துகிறது). ஆங்கிலத்தில் ‘ஓ’ வருகிற இடத்தில் ஜெர்மனில் ‘ஐ’. அப்படியானால் ‘மோஸ்ட்’டுக்கு ஜெர்மனில் என்ன வரவேண்டும்? ‘மைஸ்ட்’. அதேதான் இருக்கிறது, ‘மிக அதிகம்’ என்ற அதே பொருளில். ஆக ஆங்கிலச் சொல்லின் உடன்பிறப்பு ஜெர்மன் ‘மைஸ்ட்’. எழுத்தில் அச்சாக ஒத்துப்போகிற ஜெர்மன் ‘மொஸ்ட்’ அதற்கு யாரோ.

ஸ்லாவியப் பாலத்தை இதே முறையில் சோதிக்கலாம். ஸ்லாவிய மொழிகளில் குறில் ‘ஒ’ வரும் இடத்தில் ஜெர்மனில் பெரும்பாலும் ‘அ’ வரும். விருந்தினருக்கு ரஷ்ய மொழியில் ‘கொஸ்ட்’, ஜெர்மனில் ‘கஸ்ட்’. இரவுக்கு அங்கே ‘நொச்’, இங்கே ‘நஹ்ட்’. எனவே ‘மொஸ்ட்’டுக்கு ஜெர்மனில் உறவு தேடினால் ‘மஸ்ட்’ என்பதுபோல் ஒன்றைத் தேட வேண்டும், கப்பலின் பாய்மரத் தூணுக்கு அந்தச் சொல் இருக்கவும் இருக்கிறது. பாலமும் பாய்மரமும் நீண்ட மரக்கட்டைதானே என்று சிலர் இரண்டையும் இணைக்கிறார்கள், ‘எறிதல்’ என்ற வினையோடு இணைப்பவர்களும் உண்டு, அந்தப் பஞ்சாயத்து இன்னும் முடியவில்லை. ஆனால் ஆங்கில ‘மோஸ்ட்’டோடு இணைக்கும் ஆள் அதில் யாரும் இல்லை.

பார்த்தால் ஒன்றுபோல இருப்பது உறவுக்குச் சாட்சியே இல்லை என்பதுதான் விஷயம். உண்மையான உறவுகள் பெரும்பாலும் கொஞ்சம் வேறுமாதிரித்தான் இருக்கும், ஆனால் அந்த வேறுபாட்டில் ஓர் ஒழுங்கு இருக்கும்.

கேள்வி: ஆங்கிலத்தில் ‘ஃபோர்மோஸ்ட்’, ‘அட்மோஸ்ட்’ என்ற சொற்களின் கடைசியில் வருவதும் இதே ‘மோஸ்ட்’ தானே?

பதில்: இப்போது பார்த்தால் அப்படித்தான், பிறப்பால் இல்லை. பழைய ஆங்கிலத்தில் அது ‘மெஸ்ட்’ என்ற தனி விகுதி. அதுவும் ‘மிக’ என்று பொருள் தரும் இரண்டு விகுதிகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டி உருவானது. பிற்காலத்தில் மக்கள் அதை ‘மோஸ்ட்’ என்று நினைத்துக்கொண்டு அப்படியே எழுதவும் பேசவும் தொடங்கிவிட்டார்கள். ஒரே மொழிக்குள்ளேயே இந்தக் கூத்து!

கேள்வி: செக் குடியரசில் ‘மொஸ்ட்’ என்றே ஓர் ஊர் இருக்கிறதாமே? பாலத்தை வைத்துத்தான் பெயரா?

பதில்: ஆமாம். அந்த ஊரைப் பற்றிக் கேட்டதற்கு நன்றி, எப்படியும் எழுதத்தான் இருந்தேன்.

நாட்டின் வடமேற்கில், பிலினா ஆற்றங்கரையில் இருக்கிறது. ஒரு காலத்தில் சதுப்பு நிலம். வணிகப் பாதை அந்தச் சேற்றைக் கடக்கப் பாலம் போட்டார்கள், ஊர் அதன் பெயரிலேயே வளர்ந்தது. 12-ஆம் நூற்றாண்டில் காஸ்மாஸ் என்ற பாதிரியார் லத்தீனில் எழுதிய வரலாற்றில் ‘க்னெவின் பாலம்’ என்று வருகிறது. அங்கே வாழ்ந்த ஜெர்மானியர்கள் ஊரை ‘புரூக்ஸ்’ என்றார்கள், அதுவும் அவர்கள் மொழியில் பாலத்துக்கான ‘புரூக்கெ’விலிருந்து. ஆக லத்தீன், செக், ஜெர்மன் மூன்றிலும் அது பாலத்தூர்தான்.

ஆனால் அந்தப் பழைய ஊரை நீங்கள் இன்று பார்க்க முடியாது. அடியில் பழுப்பு நிலக்கரி இருந்தது. 1964-ல் கம்யூனிஸ்ட் அரசு ஊரையே இடித்துக் கரியை எடுப்பது என்று முடிவு செய்தது. தெருக்கள், நாடக அரங்கம், மதுபான ஆலை என்று எல்லாவற்றையும் படிப்படியாகத் தரைமட்டமாக்கி, பக்கத்தில் அடுக்குமாடிக் கட்டடங்களாகப் புதிய ஊரைக் கட்டினார்கள். இடிபடப் போகிற கட்டடங்கள் நிறைய இருந்ததால் 1968-ல் ஹாலிவுட்காரர்கள் இரண்டாம் உலகப் போர்ப் படம் ஒன்றின் குண்டுவெடிப்புக் காட்சிகளை அங்கே எடுக்க வந்தார்கள். படத்தின் கதை ஜெர்மனியில் உள்ள ஒரு பாலத்தைப் பற்றியது! ஆகஸ்டில் நிஜமாகவே சோவியத் டாங்கிகள் நாட்டுக்குள் புகுந்ததும் படக்குழு மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பியது.

ஒரே ஒரு கட்டடத்தைக் காப்பாற்றுவது என்று முடிவாயிற்று. 16-ஆம் நூற்றாண்டில் கட்டத் தொடங்கிய கன்னி மரியாள் தேவாலயம். கல்லைக் கல்லாகப் பிரித்து வேறிடத்தில் மறுபடி கட்டலாமா என்றெல்லாம் யோசித்து, கடைசியில் முழுசாகவே நகர்த்திவிடலாம் என்று துணிந்தார்கள். கோபுரத்தை மட்டும் பிரித்து எடுத்துவிட்டு, சுவர்களுக்கு உள்ளேயும் வெளியேயும் இரும்புச் சட்டம் கட்டி, அடியில் ஹைட்ராலிக் வண்டிகளைக் கொடுத்து, தண்டவாளத்தின் மேல் 1975 செப்டம்பர் கடைசியில் நகர்த்தத் தொடங்கினார்கள். சுமார் 10,000 டன் எடை, நிமிடத்துக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் வேகம். அக்டோபர் இறுதியில் 841 மீட்டர் தள்ளிப் போய் நின்றது. இன்றும் அங்கேதான் இருக்கிறது.

சுரங்கம் தீர்ந்த பிறகு அந்தப் பள்ளத்தில் தண்ணீர் நிரப்பினார்கள். பழைய ஊர் இருந்த இடத்தில் இப்போது ஒரு பெரிய ஏரி, 2020-ல் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். ஏரிக்கும் மொஸ்ட் என்றே பெயர்.

ஒரு நாகரிகமான அரசு செய்கிற காரியமா இது என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் தேவாலயத்தை நகர்த்திய பொறியாளர்களுக்குத் தொப்பியைக் கழற்றத்தான் வேண்டும்.

கேள்வி: மோஸ்டார், மாஸ்கோ?

பதில்: மோஸ்டார் ஆம், மாஸ்கோ இல்லை.

மாஸ்கோ என்பது ஆற்றின் பெயர், பாலத்தோடு சம்பந்தமில்லை. போஸ்னியாவின் மோஸ்டார் பாலக் காவலர்களின் பெயரால் வந்தது, அவர்களை ‘மொஸ்டாரி’ என்பார்கள். நெரெட்வா ஆற்றின் மேல் ஒட்டோமான் கட்டடக்கலைஞர் மிமார் ஹைருதீன் 1566-ல் முடித்த ஒற்றை வளைவுப் பாலம்தான் ஊரின் அடையாளம். உள்ளூர்ப் பெயர் ‘ஸ்தாரி மொஸ்ட்’, பழைய பாலம், அவ்வளவுதான். 427 ஆண்டு நின்ற அந்தப் பாலத்தை 1993 நவம்பர் 9 அன்று போரில் போஸ்னியக் குரோவேஷியர்களின் படைகள் பீரங்கியால் அடித்து ஆற்றில் தள்ளின. பிறகு பழைய முறைப்படியே திரும்பக் கட்டி 2004 ஜூலையில் திறந்தார்கள், அடுத்த ஆண்டு யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்தது. புதிதாகக் கட்டியதற்கும் ‘பழைய பாலம்’ என்றே பெயர்.

மாஸ்கோவில் உங்களுக்கு ஓர் ஆறுதல் பரிசு: ‘குஸ்னெட்ஸ்கி மொஸ்ட்’ என்ற தெரு, கொல்லர் பாலம். போய்ப் பார்த்தால் பாலமும் இருக்காது, ஆறும் இருக்காது. நெக்லின்னயா ஆற்றை 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பூமிக்கு அடியில் குழாயில் விட்டுவிட்டார்கள், பாலமும் மண்ணுக்குள் போய்விட்டது. பெயர் மட்டும் மேலே, தெருவுக்கும் மெட்ரோ நிலையத்துக்கும்.

கேள்வி: ரஷ்ய மொழியில் கல் பாவிய சாலைக்கு ‘மொஸ்தவாயா’ என்கிறார்கள். அதில் பாலம் எங்கே வந்தது?

பதில்: ரஷ்ய மொழி படிக்கிறீர்கள் போலிருக்கிறது. பழைய ஸ்லாவியர்களுக்கு இந்தச் சொல் ஆற்றுக்கு மேல் போட்டதை மட்டும் குறிக்கவில்லை, மரப்பலகை அடுக்கிக் கால் நனையாமல் நடக்கச் செய்த எந்தப் பாதையும் ‘மொஸ்ட்’தான். பாவுவதற்கு ‘மொஸ்தீத்’ என்ற வினைச்சொல் இன்றும் இருக்கிறது. நோவ்கொரோடு நகரத்தில் அகழாய்வு செய்தவர்கள் ஒரு தெருவில் மட்டும் ஒன்றின்மேல் ஒன்றாக 28 அடுக்கு மரத்தளங்களைக் கண்டார்கள். மரத்தின் ஆண்டு வளையங்களை எண்ணியதில் அடியில் இருப்பது 953-ஆம் ஆண்டு மரம் என்று தெரிந்தது. சேறு ஏற ஏற மேலே புதிய தளம். அந்த நகரத்தில் எந்தத் தெருவை யார் பாவ வேண்டும் என்று வகுத்த இடைக்காலச் சட்டத்தின் பெயர் ‘மொஸ்ட்கள் பற்றிய விதி’. அங்கே பொருள் பாலம் இல்லை, தெருத்தளம்.

கேள்வி: ஆஸ்திரியாவில் ஓர் உணவு விடுதிப் பட்டியலில் பானங்கள் வரிசையில் இந்தச் சொல் இருந்தது. பாலத்தையா ஊற்றிக் கொடுப்பார்கள்?

பதில்: ஊற்றிக் கொடுப்பது பழச்சாறு, அல்லது புளித்த பழச்சாறு. கேட்டுவிட்டுக் குடியுங்கள், ஏனென்றால் போதை இருக்குமா இருக்காதா என்பது ஊருக்கு ஊர் மாறும்.

லத்தீனில் ‘முஸ்டும்’ என்றால் அப்போதுதான் பிழிந்த, இன்னும் ஒயினாக மாறாத திராட்சைச் சாறு. ‘முஸ்டுஸ்’ என்றால் இளசு, புதிது. ரோமானியர்களோடு திராட்சைக் கொடியும் வடக்கே போனது, சொல்லும் கூடவே போனது. இத்தாலியிலும் ஸ்பெயினிலும் ‘மொஸ்டோ’, ஆங்கிலத்தில் ‘மஸ்ட்’, ஜெர்மனில் ‘மொஸ்ட்’. கேட்டலன் மொழியிலும் அதே நான்கு எழுத்து, அதே பொருள். பிரெஞ்சுக்காரர்கள் வழக்கம்போல் பாதியை விழுங்கி ‘மூ’ என்கிறார்கள்.

திராட்சை விளையாத இடங்களில் சொல்லுக்கு என்ன ஆகும்? ஆப்பிளுக்கும் பேரிக்காய்க்கும் போய்விடும். கீழ் ஆஸ்திரியாவின் தென்மேற்கில் பேரிக்காய் மரங்கள் நிறைந்த பகுதிக்கு ‘மொஸ்ட்ஃபியர்டல்’ என்றே பெயர், அங்கே மொஸ்ட் என்றால் புளித்த பேரிக்காய்ச் சாறு. டென்மார்க்கில் அது ஆப்பிள் சாறு. சுவிட்சர்லாந்தின் துர்காவ் மாநிலம் ஆப்பிளுக்குப் பேர்போனது, ‘ஒஸ்ட்-இந்தியன்’ என்ற கிழக்கிந்தியாவை லேசாகத் திருப்பி அதற்கு ‘மொஸ்ட்-இந்தியன்’ என்று 19-ஆம் நூற்றாண்டிலேயே பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். சாறு இந்தியா! நம் நாட்டின் பெயர் எங்கெல்லாம் போய் மாட்டிக்கொள்கிறது பாருங்கள்.

ஒயின் தொழிலில் இந்தச் சொல் இல்லாமல் வேலையே நடக்காது. ஃபோர்ட்ஸ்ஹைம் ஊரைச் சேர்ந்த ஃபெர்டினாண்ட் ஓக்ஸ்லே (1774–1852) என்ற பொற்கொல்லர் சாற்றின் அடர்த்தியை அளக்க ஒரு கருவி செய்தார். ஒரு லிட்டர் தண்ணீர் 1,000 கிராம், ஒரு லிட்டர் சாறு 1,084 கிராம் என்றால் அது 84 ஓக்ஸ்லே. சர்க்கரை கூடக் கூட எடை கூடும், எடை கூடினால் ஒயினில் ஆல்கஹால் கூடும். ஜெர்மனியில் ஒயினின் தரப்பிரிவை இன்றும் இந்தச் ‘சாற்றெடை’யை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள்.

கேள்வி: கடுகுச் சாந்துக்கு ஆங்கிலத்தில் ‘மஸ்டர்ட்’. இதிலும் அந்தச் சாறு இருக்கிறது என்று ஒரு நண்பர் அடித்துச் சொல்கிறார். பந்தயம் வைக்கலாமா?

பதில்: வைக்காதீர்கள், தோற்பீர்கள். கடுகை அரைத்துத் திராட்சைச் சாற்றில் குழைத்ததால் பழைய பிரெஞ்சில் அதற்கு ‘மூஸ்டார்ட்’ என்று பெயர் வந்தது. பெயர் வந்தது சாற்றிலிருந்து, ஒட்டிக்கொண்டது கடுகில். ஸ்பானிய ‘மொஸ்டாஸா’, டச்சு ‘மொஸ்டர்ட்’, போலிஷ் ‘முஷ்டார்டா’, ஹங்கேரிய ‘முஷ்டார்’ எல்லாம் இதன் வழிதான். பெரும்பாலான ஜெர்மானியர்கள் மட்டும் லத்தீனின் இன்னொரு சொல்லிலிருந்து ‘ஸென்ஃப்’ என்பார்கள், பெர்லின் பக்கம் ‘மொஸ்ட்ரிஷ்’ என்றும் கேட்கலாம்.

கேள்வி: ஹங்கேரியில் எப்படி ‘இப்போது’ ஆனது?

பதில்: ஆகவில்லை, அது அங்கே தனியாகவே இருக்கிறது. ஆங்கிலம், ஜெர்மன், ஸ்லாவிய மொழிகள் எல்லாம் அடங்கிய இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தில் ஹங்கேரிய மொழி சேர்ந்ததே கிடையாது. தூரத்து உறவு ஃபின்லாந்திலும் எஸ்தோனியாவிலும். சுற்றிலும் ஸ்லாவிய, ஜெர்மானிய மொழிகள் இருந்தாலும் பாலத்துக்கு அவர்கள் சொல் ‘ஹீட்’, திராட்சைச் சாற்றுக்கு ‘முஷ்ட்’, ‘மொஷ்ட்’ என்றால் இப்போது. அவர்கள் எழுத்தில் தனியாக வரும் ‘எஸ்’ எப்போதும் ‘ஷ்’. அதனால்தான் அவர்கள் தலைநகரைப் ‘புடபெஷ்ட்’ என்கிறார்கள்.

இதில் வேடிக்கை ஸ்லோவாக்கியாவில் நடந்தது. அங்கே ஹங்கேரிய மொழி பேசும் சிறுபான்மையினர் தெற்கில் கணிசமாக வாழ்கிறார்கள். இரு தரப்பையும் இணைப்போம் என்று 2009-ல் பேலா புகார் என்ற அரசியல்வாதி ஒரு கட்சி தொடங்கினார், பெயர் ‘மொஸ்ட்–ஹீட்’. ஸ்லோவாக்கில் பாலம், ஹங்கேரியத்தில் பாலம், இரண்டையும் ஒட்டினால் பாலம்–பாலம். எழுத்தில் பார்க்கிற ஹங்கேரியக் கண்ணுக்கோ ‘இப்போது–பாலம்’ என்றும் படிக்கலாம், கட்சிப் பெயராக அதுவும் மோசமில்லை. 2010-லிருந்து பத்தாண்டு நாடாளுமன்றத்தில் இருந்துவிட்டு 2020 தேர்தலில் வெளியேறியது. குரோவேஷியாவிலும் ‘மொஸ்ட்’ என்ற கட்சி இருக்கிறது. அரசியல்வாதிகளுக்குப் பாலம் என்ற சொல்மேல் அப்படியொரு ஆசை, கட்டிய பிறகு யார் நடந்து போகிறார்கள் என்பது வேறு கதை.

கேள்வி: ஆங்கிலத்தில் ‘கட்டாயம்’ என்ற பொருளில் வரும் ‘மஸ்ட்’, சாறு ‘மஸ்ட்’, யானைக்கு மதம் பிடிப்பதைச் சொல்லும் ‘மஸ்த்’...?

பதில்: மூன்றும் மூன்று வழி. முதலாவது ஆங்கிலத்தின் சொந்தச் சொல், இரண்டாவது லத்தீன், மூன்றாவது பாரசீகத்தில் ‘போதையில் இருப்பவன்’ என்ற பொருளுள்ள ‘மஸ்த்’ உருது வழியாகப் போய்ச் சேர்ந்தது. திராட்சைச் சாற்றுக்கும் போதைக்கும் முடிச்சுப் போடத் தோன்றும், போடாதீர்கள்.

கேள்வி: உக்ரைன் மொழியில் பாலத்துக்கு ‘மிஸ்ட்’ என்று படித்தேன். ஆங்கிலத்தில் அது பனிமூட்டம். தவறாக அச்சிட்டிருப்பார்களோ?

பதில்: சரியாகத்தான் அச்சிட்டிருக்கிறார்கள். ரஷ்யத்தில் ‘ஒ’ இருக்கும் பல இடங்களில், மெய்யில் முடியும் அசையாக இருந்தால், உக்ரைன் மொழியில் ‘இ’ வரும். ரஷ்யர்கள் ‘ல்வோவ்’ என்ற ஊரை அவர்கள் ‘ல்விவ்’ என்கிறார்கள், ‘கார்கோவ்’ அவர்களுக்குக் ‘கார்கிவ்’. அதே கணக்கில் மொஸ்ட், மிஸ்ட் ஆகிறது. வேற்றுமை உருபு சேர்ந்து அசை உயிரில் முடிந்துவிட்டால் பழைய ‘ஒ’ திரும்ப வந்துவிடும். ஜெர்மானியர்களிடம் மட்டும் இந்தச் சொல்லைச் சொல்லிப் பாலத்துக்கு வழி கேட்காதீர்கள், அவர்கள் மொழியில் ‘மிஸ்ட்’ என்றால் சாணம்.

கேள்வி: ஆங்கிலத்தில் ‘கிஃப்ட்’ பரிசு, ஜெர்மனில் விஷம். இதுவும் இப்படித் தற்செயல்தானா?

பதில்: இல்லை, இது நேர் எதிர். அங்கே ஒரே தோற்றம், பல பிறப்பு. இங்கே ஒரே பிறப்பு, பல பாதை. ‘கொடு’ என்ற பழைய ஜெர்மானிய வினையிலிருந்து ‘கொடுக்கப்பட்டது’ என்ற பெயர்ச்சொல், அவ்வளவுதான் ஆரம்பம். ஆங்கிலத்தில் பரிசு என்றே நின்றது. ஜெர்மனில், கிரேக்கத்தில் மருந்தளவுக்கு ‘டோசிஸ்’ (அதுவும் ‘கொடுத்தல்’தான்) என்று சொல்வதைப் பார்த்து மருந்தாகக் கொடுப்பதற்கும் பிறகு விஷமாகக் கொடுப்பதற்கும் அதைச் சொல்லத் தொடங்கினார்கள். நேராக விஷம் என்று சொல்லக் கூசியவர்கள் ‘கொடுத்துவிட்டார்கள்’ என்று இழுத்தார்கள் போலும். பழைய பொருள் சுத்தமாக மறைந்தும் போகவில்லை, பெண்ணோடு அனுப்பும் சீருக்கு ஜெர்மனில் இன்றும் ‘மிட்கிஃப்ட்’தான்.

ஸ்வீடனில் இன்னும் சுவாரசியம். எழுத்து அதே, உச்சரிப்பு ‘யிஃப்ட்’, பொருள் இரண்டு: திருமணமானவர், விஷம். பெண்ணைக் ‘கொடுப்பது’ என்பதிலிருந்து முதலாவது. டேனிஷ், நார்வேஜிய மொழிகளிலும் இதே இரட்டைப் பொருள். இதை வைத்துக் கணவன் மனைவி ஜோக் அடிக்காத ஸ்வீடன்காரர் இருக்க மாட்டார், நான் அடிக்கப் போவதில்லை. பரிசுக்குள்ளேயே ஒரு விஷம் இருக்கிறது, வாங்கியவனைக் கடன்காரனாக்கிவிடுகிறது என்று பிரெஞ்சு மானுடவியலாளர் மார்செல் மோஸ் 1924-ல் இந்த ஒரே சொல்லை வைத்து ஒரு கட்டுரையே எழுதினார்.

கேள்வி: சரி, இப்படி நான்கு மொழிகளில் ஒரே சொல் தற்செயலாக அமைய எவ்வளவு வாய்ப்பு?

பதில்: நீங்கள் நினைப்பதைவிட மிக அதிகம். ஓர் அசைச் சொல், தொடக்கத்தில் உலகத்தில் கிட்டத்தட்ட எல்லா மொழியிலும் இருக்கும் ‘ம’, நடுவில் ஓர் உயிர், கடைசியில் ஐரோப்பாவில் மூலைக்கு மூலை கிடைக்கும் ‘ஸ்ட்’. உள்ள ஒலிகள் சில டஜன், தேவைப்படும் சொற்கள் பல்லாயிரம், மோதாமல் எப்படி இருக்கும்? பத்தெழுத்து நீளமுள்ள சொல் இரண்டு மொழிகளில் ஒத்துப்போனால் சந்தேகப்படுங்கள், அது பெரும்பாலும் கடன். நான்கெழுத்துக்கு மலைக்க வேண்டாம்.

கேள்வி: பாலத்துக்கு ஐரோப்பாவில் வேறு என்னென்ன சொற்கள்?

பதில்: ருமேனியாக்காரர்கள் அக்கம்பக்கத்து ஸ்லாவியர்களிடம் கடன் வாங்கினார்கள், ஆனால் மொஸ்ட்டை விட்டுவிட்டுத் ‘தளம்’ என்று பொருள்படும் ‘பொட்’டை எடுத்துக்கொண்டார்கள். இன்று அதுதான் அவர்களுக்குப் பாலம். ரஷ்யத்தில் அதே ‘பொட்’ என்ற ஒலிக்குக் ‘கீழே’ என்று பொருள். ஜெர்மன் ‘புரூக்கெ’யும் ஆங்கில ‘பிரிட்ஜ்’ஜும் அக்கா தங்கை.

லத்தீன் ‘போன்ஸ்’தான் எனக்குப் பிடித்தது. பிரெஞ்சு ‘போன்’, இத்தாலிய ‘பொன்டே’ எல்லாம் அதன் பிள்ளைகள். அதன் ஒன்றுவிட்ட உறவுகளைத் தேடிப்போனால் கிரேக்கத்தில் ‘பொன்டோஸ்’ கடல், ஸ்லாவிய மொழிகளில் ‘புட்’ வழி, சமஸ்கிருதத்தில் ‘பந்தா’ பாதை. ஒன்றும் ஒன்றுபோல இல்லை, பொருளும் வேறு வேறு, ஆனால் ஒலிகள் ஒழுங்காகப் பொருந்துகின்றன. ரஷ்யத்தில் அந்தப் ‘புட்’டுக்கு முன்னால் ‘உடன்’ என்று பொருள்தரும் ‘ஸ்’, பின்னால் ஆளைக் குறிக்கும் ‘நிக்’ சேர்த்தால் வழித்துணை. 1957-ல் விண்வெளிக்குப் போன முதல் செயற்கைக்கோளுக்கு அதைத்தான் பெயராக வைத்தார்கள்: ஸ்புட்னிக்.